கோடையில் காய்த்தது யாருக்கு?

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரையின் எழுத்து வடிவம்)



சித்திரை வெயிலில் ஒரு வெண்டைச் செடி செய்கிற வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் பார்க்கும்போது காய் சுண்டுவிரல் நீளம் இருக்கிறது. நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் சொந்தத்தில் ஒரு துக்கம், அல்லது ஒரு பூப்புனித நீராட்டு விழா. போய்விட்டு வந்து அதற்கடுத்த நாள் பார்த்தால் காய் ஒரு சாண் நீளத்துக்கு நிற்கிறது. நுனியை ஒடித்துப் பார்த்தால் ஒடியவில்லை, வளைகிறது. முற்றிவிட்டது. குழம்பில் போட்டாலும் வாயில் நார்தான் வரும்.

ஒரு சிறிய குடும்பத்துக்கு ஆறேழு வெண்டைச் செடி போதும். ஆனால் ஆறேழு விதை மட்டும் யார் போடுகிறார்கள்? பொட்டலத்தில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஊன்றிவிடுகிறோம். தை, மாசியில் ஊன்றியது நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்குகிறது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் காய். பக்கத்தில் கத்தரி. பந்தலில் சுரை. வேலியோரம் முருங்கை. எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. மூன்றாம் நாளும் சுரைக்காய்க் கூட்டு என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். "இன்னைக்கும் சுரைக்காயா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. அப்போதுதான் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஞாபகம் வருகிறது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோடைத் தோட்டம் தன் போக்கிலேயே நம்மை அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வைத்துவிடுகிறது. சுரைக்கொடிக்கு நம் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கணக்குத் தெரியாது. அது காய்த்துக்கொண்டே போகிறது. அந்த மிச்சத்தை என்ன செய்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், அதைவிட முக்கியமாக யாரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வளர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம். தோட்டம் என்றதும் அரை ஏக்கர் வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பழைய பெயின்ட் வாளியின் அடியில் நான்கு ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் தேங்காய் நார்க் கழிவும் கலந்து நிரப்பினால் ஒரு கத்தரிச் செடிக்கு அது போதும். மொட்டை மாடியில் பைகளில் வளர்ப்பவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் பெரிய இடம் உள்ளவர்களைவிட, நாலு வாளி வைத்திருப்பவர்கள்தான் தினமும் போய்ச் செடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வந்ததை அவர்கள்தான் முதல்நாளே கண்டுபிடித்து, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள்.

என்னிடம் அடிக்கடி வரும் ஒரு முறையீடு இது: "சாமி, கொடி நல்லாத்தான் படருது. பூவும் பூக்குது. ஒரு காய்கூட நிக்கல. எவன் கண்ணு பட்டுதோ!" கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை. சுரை, பீர்க்கு, பாகல், புடலை, பூசணி ஆகிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூவுக்குக் கீழே பிஞ்சுபோல ஒரு சின்ன உருவம் தெரிந்தால் அது பெண்பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. தொடக்கத்தில் ஆண்பூக்களே அதிகம் வரும், பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஆண்பூவின் மகரந்தத்தை யாராவது பெண்பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் விரிகிறது. தேனீக்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. சுரைப்பூவும் பீர்க்கம்பூவும் சாயங்காலம் விரிபவை. இருட்டின பிறகு வருகிற அந்துப்பூச்சிகள் சுரைப்பூவைத் தேடி வருகின்றன. நாம் செபமாலை முடித்துப் படுத்த பிறகு நம் கொல்லையில் நமக்காக யாரோ வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

பூச்சி வராத இடத்தில் நாமே ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் காய் நிற்கும். ஆனால் பூச்சிகள் ஏன் வரவில்லை என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் காயைக் கெடுக்கும் புழுவோடு, காயை உண்டாக்கும் பூச்சியும் போய்விடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில், அசிசி நகர் பிரான்சிஸ் தம் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் பண்படுத்தாமல் விட்டுவைக்கச் சொன்னதை நினைவுபடுத்துகிறார். காட்டுப் பூக்கள் அங்கே தாமாகப் பூக்கட்டும், பார்ப்பவர் படைத்தவரை நினைக்கட்டும் என்பது அந்தப் புனிதரின் விருப்பம். நம் கொல்லையில் ஒரு மூலையில் தும்பையும் துளசியும் இருந்துவிட்டுப் போகட்டும். தேனீக்கு அதுதான் சாப்பாட்டுக்கடை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோடையில் ஒரு தெருவே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும்போது, ஆழ்துளைக் கிணறு உள்ளவர் குழாயைப் பிடித்து மதிய வெயிலில் செடிகளைக் குளிப்பாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செடிக்கும் அது நல்லதல்ல. அரிசி கழுவின தண்ணீர், காய்கறி அலசின தண்ணீர் இவையே ஒரு சின்னத் தோட்டத்துக்குப் பாதி தாகத்தைத் தீர்த்துவிடும். காலையிலோ பொழுது சாய்ந்தோ வேரில் ஊற்றுங்கள். காய்ந்த சருகையும் வைக்கோலையும் செடியைச் சுற்றிப் பரப்பிவிட்டால் மண் சீக்கிரம் காயாது. மூடாக்கு என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். பழைய மண்பானையின் அடியில் துளையிட்டு, அதில் துணித்திரி செருகி, கழுத்துவரை செடியோரம் புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் செய்ததுதான், புதிதாக ஒன்றுமில்லை.

காய்கறித் தோட்டத்தைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கிப் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, அரசே தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்புக் கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று சொன்னது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதத்திலும் இதே அறிவுரை இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள் என்று எழுதினார். ஊர் இழந்து கலங்கி இருப்பவர்களுக்கு அவர் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று தோட்டவேலை.

எங்களைப் போன்ற பங்குச் சாமியார்களுக்குத் தோட்டத்தில் ஒரு தனி வேடிக்கை உண்டு. எங்களுக்கு மாற்றல் வருவது பெரும்பாலும் மே, ஜூனில். காய் இறங்கும் நேரம். நான் வைத்த மாங்கன்றுகள் மூன்று பங்குகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்தும் ஒரு மாம்பழம் சாப்பிட்டதில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த கொய்யாவையும் மாதுளையையும் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் சொல்வது குருக்கள் இல்லத்துக் கொல்லையில் ஆண்டுதோறும் நடக்கிறது. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. புதிதாக வருகிறவர் முதல்நாள் சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறக்கும்போது நாலு கத்தரிக்காய் தொங்கினால், ஊர் பழகுவதற்கு முன்பே சமையலுக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது.

சரி, மிச்சத்துக்கு வருவோம்.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுக்கச் சொன்னார் மோசே. சிலர் மறுநாளைக்கும் ஒளித்து வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழு, ஒரே நாற்றம். தக்காளி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கோடையில் பழுத்த தக்காளி எத்தனை நாள் தாங்கும்?

"வற்றல் போடலாமே சாமி" என்று சொல்வீர்கள். போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். கொத்தவரையும் சுண்டைக்காயும் மோர்மிளகாயும் மாவற்றலும் மொட்டை மாடியில் காய்வது நம் ஊர்க் கோடையின் அழகுகளில் ஒன்று. சேமிப்பதைப் பாவம் என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு தானியம் சேர்த்தார். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்தார். லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தான். ஆனால் அவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள்கள். அந்தப் பேச்சில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்கூட வரவில்லை. வற்றல் பானையை மூடும்போது யாருடைய முகமாவது நினைவுக்கு வந்தால் நாம் யோசேப்பின் பக்கம் இருக்கிறோம்.

கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதைத் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். காலையில் கூடை நிறையப் பறித்து வந்து திண்ணையில் கொட்டிப் பிரிக்கிறோம். பிஞ்செல்லாம் ஒரு பக்கம், முற்றினது ஒரு பக்கம். பிஞ்சு நமக்கு. அடுத்த தரம் சம்பந்தி வீட்டுக்கு. புழு அரித்ததும் முற்றியதும் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு. "எடுத்துட்டுப் போ, நல்ல காய்தான்" என்று வேறு சொல்கிறோம். அந்த அக்காவுக்கு வெண்டைக்காய் ஒடித்துப் பார்க்கத் தெரியாதா? காயினும் நிலத்தின் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவன்தான். ஆபேல் தன் மந்தையின் தலையீற்றிலிருந்து, கொழுத்ததைத் தேர்ந்து கொண்டுவந்தான் என்று தொடக்க நூல் சொல்கிறது. காயினைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு நாள் மாற்றிச் செய்து பாருங்கள். பிஞ்சுக் காயை அந்த அக்காவின் பையில் போடுங்கள். முற்றினதை நாம் சாம்பாரில் போட்டு நாரைத் துப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது முருங்கை. முருங்கையால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். வேர் இவர் மண்ணில், கிளை அவர் வாசலில். காய்த்தால் அவர் பறிக்கிறார் என்று இவருக்குக் கோபம். கம்பளிப்பூச்சி விழுந்தால் இவர் மரத்தை வெட்டவில்லை என்று அவருக்குக் கோபம். நான் ஒருமுறை இப்படி ஒரு வழக்குக்குப் பஞ்சாயத்துப் பேசப் போய், இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இதைப்பற்றி இணைச்சட்ட நூலில் அழகான ஒரு சட்டம் இருக்கிறது. அடுத்தவரின் திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரத் தின்னலாம். ஆனால் கூடையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மாமரத்தில் கல்லெறியும் பிள்ளைகளுக்கும், அவர்களைத் துரத்துகிற தாத்தாக்களுக்கும் இதைவிடத் தெளிவான தீர்ப்பை எந்த நீதிமன்றமும் சொல்லிவிட முடியாது. தின்னலாம், டவுசர் பையில் நிரப்பக் கூடாது! அதே நூல் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. அறுவடையில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உலுக்காதே. விட்டது அன்னியருக்கும் தாய் தந்தையற்றவருக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்கிறது. உரியது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் பிச்சையாக வாங்குவதில்லை, தங்களுடையதை எடுத்துக்கொள்கிறார்கள். போவாசு இன்னும் ஒருபடி போனார். ரூத்து பொறுக்குவதற்காகக் கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிடச் சொன்னார், அவளை அதட்ட வேண்டாம் என்றும் சொன்னார். மருமகள் கதிரோடு திரும்பியபோது மாமியார் நகோமிக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. பசியோடு மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிற கொடுத்தல் அது.

இந்த மே 15-ஆம் தேதி புனித இசிதோரின் திருநாள். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில், மத்ரித் நகரத்தருகே ஒரு நிலக்கிழாரிடம் கூலிக்கு ஏரோட்டியவர். சொந்த நிலம் இல்லாதவர். பனிக்காலத்தில் ஒருநாள் மாவரைக்கக் கோதுமை மூட்டையைச் சுமந்து போனபோது, பசித்த புறாக்களைப் பார்த்து மூட்டையை அவிழ்த்துப் பாதியைக் கொட்டிவிட்டார் என்று மரபு சொல்கிறது. அவரும் மனைவி மரியாவும் ஏழைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றும் சொல்வார்கள். 1622 மார்ச் 12 அன்று திருச்சபை ஒரே விழாவில் ஐந்து பேரைப் புனிதர்களாக அறிவித்தது. லொயோலா இஞ்ஞாசியார், நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி. அந்தப் பெரியவர்களின் வரிசையில் ஐந்தாவதாக இந்த ஏரோட்டி. கொடுப்பதற்குச் சொந்த நிலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டுங்கள்.

தோட்டத்தின் மேல் ஆசை இருப்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எதற்குக் கேட்டான், ஞாபகம் இருக்கிறதா? காய்கறித் தோட்டம் போட. அரண்மனைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது, வசதியாக இருக்கும் என்று. மூதாதையர் சொத்தைக் கொடுக்க முடியாது என்று நாபோத்து மறுத்தார். பொய்ச்சாட்சி வைத்து அவரைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். ஒரு கீரைப் பாத்திக்காக ஓர் உயிர். நம் ஊர்களில் வரப்பை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, அந்த அரை அடியில் விளைந்த பூசணியைக் கோவிலுக்குக் கொடுப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், கோடை ஞாயிறுகளில் கோவில் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சைப் போட்டோம். வீட்டில் மிஞ்சினதைக் கொண்டுவந்து வையுங்கள், வேண்டியதை எடுத்துப் போங்கள், பேர் எழுத வேண்டாம், காசு வேண்டாம் என்று அறிவித்தோம். முதல் ஞாயிறு முருங்கைக்காய், கத்தரிக்காய், எலுமிச்சை, ஒரு கட்டுக் கறிவேப்பிலை எல்லாம் வந்தன. திருப்பலி முடிந்து பத்து நிமிடத்தில் பெஞ்சு காலி. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இரண்டாம் ஞாயிறு, ஊரின் கடைசித் தெருவிலிருந்து ஒரு பெண் சின்னச் சாக்கில் பசலைக்கீரையும் பீர்க்கங்காயும் கொண்டுவந்து வைத்தார். பேர் எழுதவில்லை. ஆனால் ஊரில் யார் சாக்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த மற்றதெல்லாம் போய்விட்டது. கீரை மட்டும் வாடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் எட்டுப் பீர்க்கங்காய். யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மறைக்கல்வி முடிந்து பிள்ளையை அழைத்துப் போக அந்தப் பெண் வந்தார். பெஞ்சைப் பார்த்தார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காய்களை நான் எடுத்துப் போய்ச் சமைக்கச் சொன்னேன். ஆனால் அதனால் எதுவும் மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். சாமியார் எல்லார் வீட்டிலும் சாப்பிடுவார் என்று ஊர் என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டது. சாமியார் எடுத்தால் யாருடைய பழக்கமும் கலைவதில்லை.

அந்தியோக்கியாவில் பேதுருவுக்கு வந்ததும் இதே சோதனைதான். பிற இனத்தாரோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேராகக் கண்டித்தார். அங்கேயும் யாரும் யாரையும் திட்டவில்லை. பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து போனார், அவ்வளவுதான். அது நற்செய்தியின் உண்மையையே மறுப்பது என்று பவுல் எழுதுகிறார். நாம் ஒரே கிண்ணத்தின் அருகே நற்கருணை வாங்குகிறோம். வெளியே வந்ததும் பீர்க்கங்காயைப் பார்த்துப் பின்வாங்குகிறோம். இதைப் பழக்கம், வழக்கம், சங்கடம் என்று எப்படிச் சொன்னாலும் அதன் பெயர் சாதிதான்.

கொடுப்பதற்கு நாம் பழகிவிட்டோம். கிறிஸ்துமசுக்குக் கொடுக்கிறோம், தவக்காலத்தில் உண்டியலில் போடுகிறோம். கொடுக்கும்போது கை மேலே இருக்கிறது. வாங்கிக்கொள்ளும்போதுதான் கை கீழே வர வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஞாயிறும் அந்தப் பெண் பீர்க்கங்காய் கொண்டுவந்தார். அவருடைய அந்தத் துணிச்சலுக்கு முன்னால் என் பிரசங்கங்கள் எம்மாத்திரம்! அன்று பெரிய தெருவைச் சேர்ந்த, பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் பெஞ்சருகே நின்றார். ஒரு பீர்க்கங்காயைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "இது யாரு வீட்டுப் பீர்க்கு? இவ்வளவு நீளமா இருந்தும் நார் கட்டலையே! விதை இருக்கா?"

அந்தப் பெண் கூட்டத்தின் பின்னாலிருந்து, "எங்க வீட்டுதுதான் டீச்சர். விதைக்கு ரெண்டு விட்டிருக்கேன். காயட்டும், கொண்டாந்து தர்றேன்" என்றார்.

"வீடு எதுன்னு சொல்லு. நானே வந்து வாங்கிக்கிறேன். பந்தல் எப்படிப் போட்டிருக்கேன்னும் பாக்கணும்" என்றார் டீச்சர். நான்கு காய்களைத் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

அதோடு அந்த ஊரில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். கடைசிவரை அந்தச் சாக்கின் பக்கம் வராதவர்களும் இருந்தார்கள். ஆனால் டீச்சர் போனார். பந்தலைப் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்தார் என்று பிள்ளைகள் ஓடிவந்து என்னிடம் சொன்னார்கள். அவர் பரிதாபப்பட்டுப் போகவில்லை. அவருக்கு விதை வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பெரிய தெருவில் ஐந்தாறு வீட்டுப் பந்தலில் அந்தப் பீர்க்கு காய்த்தது. எந்த வீட்டு விதை என்று கேட்டால் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார் டீச்சர். அந்தப் பெயரைச் சொல்லாமல் யாருக்கும் ஒரு விதைகூடக் கொடுத்ததில்லை.

நேயர்களே, சித்திரை முடிகிறது. கொடிகள் களைக்கத் தொடங்கும் நேரம். உங்கள் பந்தலில் இருக்கும் காயை எல்லாம் பறித்துவிடாதீர்கள். வாளிப்பான, நோயில்லாத காய் ஒன்றிரண்டை விதைக்கு விடுங்கள். தவறிப் பறித்துவிடாமல் இருக்க ஒரு துணியைக் கட்டி வையுங்கள். சுரை, கொடியிலேயே ஓடு இறுகி வெளுக்கட்டும். வெண்டை காய்ந்து வெடிக்கப் போகும் தறுவாயில் எடுக்க வேண்டும். பீர்க்கு பழுப்பாகி எடை குறைந்துவிடும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதைகள் சலசலக்கும். நுனியை உடைத்துத் தட்டினால் விதை கொட்டும், கூடு உடம்பு தேய்த்துக் குளிக்க ஆகும். விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடுங்கள். என்ன விதை, யார் வீட்டு விதை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பாதியை நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடியுங்கள்.

இன்னும் ஒன்று. இதுவரை நீங்கள் படியேறாத ஒரு வீட்டில் என்ன காய்த்திருக்கிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால் போய் விதை கேளுங்கள். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இறைவன் உங்களையும் உங்கள் கொல்லையையும் ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.